பாறை விழுவதற்கு முன் ஒரு சத்தம்

தேவநாதன் பதினோராவது முறையும் செத்தார்.

உண்மையில் செத்தது அவரில்லை. என் லேப்டாப் திரையில், கயிற்றுப் பாலத்தின் மேல் முதுகில் மூட்டையோடு நடந்துகொண்டிருந்த ஒரு குட்டி ஆள். ஆனால் தேவநாதன் அப்படிச் சொல்ல மாட்டார். "செத்துட்டன் மேடம்" என்பார். சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

போன வருடம் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வரத் தொடங்கிய நாட்கள். குவார்ட்டர்ஸ் முழுக்க அந்த வாசனைதான். சமையலறை வாசலில் கௌரி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்து கொண்டிருந்தாள். கௌரி தேவநாதனின் மனைவி. நான் ஹாலில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு, லேப்டாப்பின் செட்டிங்குகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"சவுண்டு சரியில்ல மேடம். அந்தச் சத்தமே வரல" என்றார் தேவநாதன்.

"எந்தச் சத்தம்?"

"பாறை வுழறதுக்கு முன்னாடி ஒண்ணு வருமேங்க. அது வந்தா நான் குந்திக்குவன். அப்புறந்தான் பாறை வுழும்."

அப்படி ஒரு சத்தத்தை நான் எங்கிருந்து கொண்டு வருவேன்? மூன்று வாரமாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு பந்தயம்

தேவநாதன் யாரென்று சொல்லிவிடுகிறேன். நான் இந்த நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு கான்ட்ராக்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டராக இருந்த காலத்தில், அவர் அதே கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர். வளையமாதேவிப் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவர் கான்ட்ராக்ட், அவர் மனைவி பர்மனென்ட். கௌரியின் அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் அவளுக்கு கேன்டீனில் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸும் அவள் பேரில்தான். "நான் எம் பொண்டாட்டி வூட்ல வாடக குடுக்காத குடித்தனம்" என்று தேவநாதன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்றுவிட்டது. இடது கண்ணில் ஒன்றுமில்லை. வலது கண்ணில் ஜன்னல் எந்தப் பக்கம் என்கிற அளவுக்கு வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான்.

வெள்ளைக் குச்சி பிடித்து நடக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் தேவநாதன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "கண்ணு வேலய காது செய்யும்ன்றாரு. காது எப்படிங்க நடக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

கௌரி காலை ஷிப்டுக்குப் போகும்போது அவர் கைக்கு எட்டும் தூரத்தில் பிளாஸ்க்கை வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் அது கவிழ்ந்து வேட்டியெல்லாம் டீ. மத்தியானம் அவள் திரும்பி வரும் வரை ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. போன் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கூப்பிடவில்லை. கேள்விப்பட்டதும் எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தைத்தான் அவரிடம் காட்டினேன்.

அன்றைக்கு இரவே கௌரி விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிவிட்டாள். இன்னும் ஐந்து வருட சர்வீஸ் இருக்கிறது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். "வேற வழி இல்லக்கா. தனியா வுட்டுட்டுப் போவ மனசு வரல. மாசக் கடைசில குடுத்துடறன்" என்று கடிதத்தைப் பிரிட்ஜ் மேல் வைத்து, மேலே மாத்திரை டப்பாவை வைத்தாள்.

அந்த வாரம் அவரை எப்படியாவது பேச வைக்க வேண்டும் என்று பழைய ஆபீஸ் கதைகளை இழுத்தேன். "அந்தப் பாலம் ஆட்டம் ஞாபகம் இருக்கா?" என்றேன். முகம் மாறியது. ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக அவராக ஒரு பேச்சைத் தொடங்கினார்.

"அத இப்ப ஆட முடியுமாங்க?"

"பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற ஒரு சாப்ட்வேர் இருக்கு. எமுலேட்டர்னு பேரு. என் லேப்டாப்லயே போடலாம்."

"சரி மேடம். அந்த மூணாவது பாலத்த காதால தாண்டிட்டன்னா நான் குச்சியப் புடிக்கறன். தாண்டலன்னா இத்தோட என்னிய வுட்டுடணும். கௌரி காயிதத்தக் குடுத்துடட்டும்."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கௌரி கேட்டுவிட்டாள்.

கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரம்

அந்த ஆட்டத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயரோ, எங்களுக்குத் தெரியாது. யாரோ கொடுத்த பிளாப்பியின், அந்தக் காலத்துச் சதுர டிஸ்க்கின், மேல் லேபிளே இல்லை. நாங்கள் 'பாலம்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஆள் தானாக நடப்பான். மேலேயிருந்து பாறை விழும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் குந்திக்கொள்வான், பாறை மூட்டையில் பட்டுத் தெறித்துப் போகும். தட்டாவிட்டால் ஆள் பள்ளத்தில். ஆட்டமே அவ்வளவுதான்.

ஆபீஸ் இரண்டே அறை. நடுவில் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் மேனேஜர், இந்தப் பக்கம் நானும் ஒரு கம்ப்யூட்டரும். தேவநாதன் தினமும் முதல் ஷிப்ட் முடிந்ததும் மைன்ஸிலிருந்து ஆஜர் பட்டியலைச் சைக்கிளில் கொண்டு வருவார். மேனேஜர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக் கையெழுத்துப் போட முக்கால் மணி நேரம் ஆகும். கையெழுத்து விழுந்த பிறகுதான் நான் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியும். அந்த முக்கால் மணி நேரம் கம்ப்யூட்டரும் சும்மா, நானும் சும்மா, அவரும் சும்மா. மூன்று பேரும் சும்மா இருந்தால் வேறென்ன நடக்கும்?

இரண்டாவது பாலம் வரை நானும் போவேன். மூன்றாவது பாலத்தில் பாறைகள் மின்னல் மாதிரி விழும். திரையில் தெரிந்த பிறகு தட்டினால் நேரம் போதாது. தேவநாதன் மட்டும் பாறை தெரிவதற்கு முன்பே தட்டுவார். ஆறாவது பாலம், ஏழாவது பாலம் என்று போய்க்கொண்டே இருப்பார். எப்படி என்று கேட்டால், "தெரிஞ்சிடுதுங்க" என்பார். எனக்கு அப்போது கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

வீட்டு விலாசம் மாதிரி

பழைய ஆட்டங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு இணையத் தளத்தில், முகம் தெரியாத ஒருவரிடம் பாலத்தையும் மூட்டையையும் விவரித்து, ஒரு வழியாக ஆட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். படம் உடனே வந்தது. சத்தம் வரவில்லை.

பழைய கம்ப்யூட்டரில் சவுண்டு கார்டுக்கு ஒரு விலாசம் உண்டு. இங்கே ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க பிளாக், ரோடு, குவார்ட்டர்ஸ் நம்பர் மூன்றும் வேண்டியிருப்பது போல, அதற்கும் மூன்று எண்கள். 220, 7, 1. எமுலேட்டரில் ஒரு விலாசமும் ஆட்டத்தில் வேறு விலாசமும் இருந்தால், தபால்காரர் வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஆட்டத்தில் 5 என்று இருந்ததை 7 என்று மாற்றினேன். படபடவென்று பாட்டு கிளம்பியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, அதே பாட்டு!" என்று கத்தினேன்.

தேவநாதன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "எனக்கு இந்தப் பாட்டு ஞாபகம் இல்லியே மேடம்."

"வயசாயிடுச்சு உங்களுக்கு" என்றேன். அந்த இடத்திலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அடுத்து, சத்தம் கரகரத்தது. ஒலியைக் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒரு செட்டிங் இருக்கிறது. அனல் மின் நிலையத்தில் நிலக்கரி கொண்டு வரும் பெல்ட் நின்றாலும் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கட்டும் என்று பங்கர் என்கிற பெரிய தொட்டியில் நிலக்கரியை நிரப்பி வைப்பார்களே, அந்த மாதிரி. நிறைய சேர்த்தால் கரகரப்பு போகும், ஆனால் சத்தம் தாமதமாக வரும். குறைத்தால் உடனே வரும், கரகரக்கும். நான்கு நாள் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். ஒயர் இல்லாத ஸ்பீக்கர் ஒன்று வைத்திருந்தேன். அதில் ஆள் பள்ளத்தில் விழுந்த பிறகுதான் 'தொம்' என்றது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒயர் வைத்த ஹெட்போன் வாங்கினேன்.

பிறகு ஒவ்வொரு வகை ஒலியாக மாற்றினேன். கம்ப்யூட்டரின் உள்ளேயே இருக்கும் சின்ன ஸ்பீக்கரின் 'பீ பீ'. சவுண்டு கார்டின் கணகண. பியானோ மாதிரி இழையும் இன்னொன்று. ஒரே பாட்டு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு உடுப்பில் வந்தது. எனக்கோ ஒரே வியப்பு. சமையலை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் தேவநாதன் இல்லையென்று தலையாட்டினார். பாட்டு ஓடும், அவர் விரல் ஸ்பேஸ் பார் மேல் காத்திருக்கும், 'தொம்'. செத்துப் போவார். மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

வெடிக்குத் திரும்பாத தலைகள்

இங்கே ஒரு சின்ன விஷயம். மைன்ஸில் வெடி வைத்தால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும், அடுப்பங்கரையில் தட்டு மூடிகள் சிணுங்கும். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என் தங்கை முதல் முறை வந்திருந்தபோது, "கர்த்தரே!" என்று கட்டிலை விட்டுக் குதித்தாள். "என்ன ஆச்சு?" என்று நான் கேட்டேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் நான் முப்பது வருடம் குடியிருந்துவிட்டேன்.

வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் போன வாரம் இதை விட்டுவிட்டேன். இந்த வாரக் கதைக்கு இது வேண்டும்.

கௌரி கேட்டது

பதினோராவது சாவுக்கு வருகிறேன். தேவநாதன் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு, "போதும் மேடம். வுட்டுடுங்க. சொன்னா சொன்னதுதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கௌரி ஒரு தட்டில் சுளைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்குச் சர்க்கரை என்பதால் ஒன்றே ஒன்று, அதிலும் பாதி. மீதி எல்லாம் எனக்கு. ஹெட்போனிலிருந்து மெலிதாகப் பாட்டு கசிந்துகொண்டிருந்தது.

"ஏங்க்கா, ஆபீஸ்லயா இத்தினி சத்தமா வெச்சிகினு ஆடினீங்க? பக்கத்து ரூம்ல மேனேஜர் இருந்தாரே, திட்ட மாட்டாரு?"

வாய்க்குப் போன சுளை பாதியில் நின்றது.

திட்டினார்தான். முதல் நாள் பிளாப்பியைப் போட்டதும் 'பீ பீ' என்று இந்தப் பாட்டு கிளம்ப, தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னம்மா அங்க சத்தம்?" என்று குரல் வந்தது. "மிஷின் கம்ப்ளெயின்ட் சார்" என்றேன். அன்று சாயங்காலமே ஒரு ஸ்க்ரூ டிரைவர் இரவல் வாங்கி, கம்ப்யூட்டரைத் திறந்து, ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி உள்ளே செருகிவிட்டேன். தேவநாதன் அந்த ஆபீஸுக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

ஒரே ஒரு நாள் கேட்ட பாட்டை, வருடக்கணக்காகக் கேட்டதாக நினைத்துக்கொண்டு மூன்று வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அவர் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. அவர் ஆடிய ஆட்டத்துக்கு ஒலியே கிடையாது.

"தேவநாதன், ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினது நான்தான். நீங்க ஆடினப்போ அதுல சத்தமே வரல."

"வந்திச்சிங்க" என்றார் அவர், கொஞ்சம்கூட அசராமல். "எனக்குப் பொய் சொல்லணும்னு என்னா? வந்திச்சி."

"எப்படி வந்துச்சு? வாயால செஞ்சு காட்டுங்க."

அவர் வெட்கப்பட்டார். கௌரி, "செய்யுங்களேன்" என்று அதட்டிய பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தார்.

"கொர்ர்... கொர்ர்... டக்."

பிளாப்பி டிரைவ்!

கொர்ர், கொர்ர், டக்

அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு நினைவகம் கொஞ்சம்தான். அடுத்த பாறையின் படத்தை ஒவ்வொரு முறையும் பிளாப்பியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். எடுக்கும்போது, அதைச் சுழற்றிப் படிக்கும் டிரைவ் உறுமும். உறுமி முடித்ததும் பாறை விழும். ஆட்டத்தை எழுதியவரே அந்தச் சத்தத்தை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தச் சத்தத்தை மேனேஜரும் கேட்டிருக்கிறார். டிரைவ் உறுமினால் நான் மும்முரமாக வேலை செய்வதாக அவருக்கு எண்ணம். "ஸ்டெல்லா மத்தியானம்கூட ஓய்வில்லாம வேலை பாக்குது" என்று ஒரு முறை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். நான் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். நானும் அதைத் தினமும் கேட்டேன், ஆனால் என் காதில் அது விழவே இல்லை. தேவநாதனின் காது மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது.

எமுலேட்டரில் டிரைவ் எங்கே இருக்கிறது? செட்டிங்குகளை மேலிருந்து கீழே வரை படித்தேன். இதுவரை நான் தாண்டித் தாண்டிப் போன ஒரு வரி இருந்தது: பிளாப்பி டிரைவின் ஓசையை ஒலிக்கச் செய்யலாம். 'யாருக்கய்யா இது வேண்டும்' என்று மூன்று வாரத்துக்கு முன்னால் சிரித்த வரி. அதைப் போட்டேன். பாட்டு மொத்தத்தையும் அணைத்தேன்.

முதல் முறை உறுமலும் பாறையும் ஒன்றாக வந்தன. செத்தார். கௌரி தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.

"சத்தம் அதுதாங்க!" என்று தேவநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதே சத்தம்! ஆனா லேட்டா வருது."

சத்தம் தாமதமில்லை. என் லேப்டாப்தான் அவசரக்காரன். பழைய டிரைவ் தட்டுத் தடுமாறிப் படித்ததை இது கண் மூடித் திறப்பதற்குள் படித்து முடித்துவிடுகிறது. அதற்கும் ஒரு வரி இருந்தது. பிளாப்பியின் வேகத்தைப் பழைய அளவுக்குக் குறைத்தேன்.

கொர்ர். கொர்ர். டக். தேவநாதனின் விரல் தட்டியது. பாறை மூட்டையில் பட்டுத் தெறித்தது.

முதல் பாலம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடியிருந்தார். பார்வை இருந்த காலத்திலும் அந்தப் பாலத்தில் அப்படித்தான் மூடிக்கொள்வார். அதுவும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"தாண்டிட்டீங்க" என்றேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. நான்காவது பாலத்தில் ஆள் நடந்துகொண்டிருந்தான், பாறை விழுந்தது, செத்தான். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"அப்பவே நான் காதாலதான் ஆடிகினு இருந்தனா மேடம்?"

"ஆமாம்."

"கண்ணு நல்லா இருக்கச்சயேவா?"

கௌரி தட்டிலிருந்த அவருடைய பாதிச் சுளையை முழுச் சுளையாக மாற்றி வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஸ்பீட் பிரேக்கர்

மறுநாள் குச்சி சொல்லிக்கொடுப்பவரை நானே போன் செய்து வரவழைத்தேன். தேவநாதன் எழுந்து நின்றார். முதல் நாள் டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் செருப்பு ஸ்டாண்டைக் கவிழ்த்தார். மூன்றாம் நாள் அந்த மனிதரிடமே, "குச்சியால தட்டறதுக்கு முன்னாடியே எனக்குச் சொவுரு தெரியுது சார், அங்க போனா சத்தம் அடங்கிடுது" என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

மாசக் கடைசி நாள். முதல் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். லேப்டாப்பைத் திரும்ப எடுத்துப் போக வந்ததாகச் சாக்கு. பிரிட்ஜ் மேல் மாத்திரை டப்பா அப்படியே இருந்தது, அடியில் கடிதமும். எனக்கு அதிலிருந்து கண் நகரவில்லை.

பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். "வருது" என்றார்.

"என்ன வருது?" எனக்கு மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அவர் குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசற்படியில் நின்று ஒரு நிமிடம் காலால் தடவினார். இறங்கினார். நான் பிடிக்கப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் கேட்டுக்குப் பாதி தூரம் போன பிறகுதான் ஷிப்ட் பஸ்ஸின் இரைச்சல் எனக்குக் கேட்டது.

"பஸ் சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது மேடம்" என்றார், திரும்பாமலே. "மொனையில ஸ்பீட் பிரேக்கர் ஏறச்ச பஸ்ஸுக்குப் பின்னாடி தகரம் ஒண்ணு ஆடும். அது மொதல்ல வரும்."

பஸ் நின்றது. கௌரி இறங்கினாள். கேட் திறந்திருந்தது. கொண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

"இந்த வெயில்ல இன்னாத்துக்கு வந்து நிக்கறீங்க?" என்று அவள் கத்தினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கத்திவிட்டு, தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் கையால் துழாவி வாங்கிக்கொண்டார். ஒன்றரை வருடமாக அவள் அவரை எதையும் தூக்க விட்டதில்லை. அவர் முன்னால் நடக்க, அவள் பின்னாலேயே வந்தாள். அவரைத் தொடவில்லை.

நான் கிளம்பும்போது கௌரி, "இருங்கக்கா" என்று உள்ளே போய், கைக்கு அகப்பட்ட ஒரு காகிதத்தில் பலாச்சுளைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஆறு சுளை. காகிதத்தில் எண்ணெய் பட்ட இடங்களில் எழுத்து கலங்கியிருந்தது. முதல் வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது. 'என் கணவருக்குக் கண்பார்வை இல்லாத காரணத்தால்...'

தேதி போடும் இடம் காலியாகவே இருந்தது. ஆறு சுளையையும் நின்றபடியே தின்றேன்.